வைகைக்கு ஒரு தம்பி வேண்டும்

1977 ஆகஸ்ட் 15 அன்று மதுரைக்கும் சென்னைக்கும் இடையே வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அன்றைக்கு இருந்தது மீட்டர் கேஜ் பாதை. அதிலும் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். விழுப்புரத்துக்குத் தெற்கே மின்கம்பியே கிடையாது. அப்படியிருந்தும் ஏறத்தாழ 495 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தை ஒட்டிக் கடந்துவிட்டது. இன்று அகலப் பாதை வந்துவிட்டது, இரட்டைத் தண்டவாளம் வந்துவிட்டது, மின்சார என்ஜினும் வந்துவிட்டது. வைகை இப்போதும் ஏழு மணி நேரத்துக்கு மேல்தான் எடுத்துக்கொள்கிறது.

இடையில் நிறுத்தங்கள் கூடியிருப்பது இதற்கு ஒரு காரணம். மணப்பாறை, அரியலூர், விருத்தாசலம் என்று நிற்கும் ஊர்களுக்கெல்லாம் வைகை வேண்டியிருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், அரை நூற்றாண்டாக இந்தப் பாதையில் கொட்டிய பொதுப்பணத்தின் பலன் எங்கே போனது என்று ஒரு பயணி கேட்டால், தென்னக ரயில்வேயின் கால அட்டவணையே பதில் சொல்லிவிடும்.

2019 மார்ச் 1 அன்று தேஜஸ் வந்தது. 2023 செப்டம்பர் 24 அன்று திருநெல்வேலி வந்தே பாரத், 2024 ஆகஸ்ட் 31 அன்று நாகர்கோவில் வந்தே பாரத். மூன்றும் முழுக்கக் குளிர்சாதன இருக்கை வண்டிகள். வந்தே பாரத்தில் ஏறினால் எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஆறு மணி நேரம்கூட ஆவதில்லை. நல்ல வண்டிதான். கூட்டமும் இருக்கிறது, எட்டுப் பெட்டிகளோடு தொடங்கிய திருநெல்வேலி வண்டியில் பிறகு பெட்டிகளைக் கூட்ட வேண்டியிருந்தது. அவசரமாகப் போகிறவருக்கும் முதுகுவலிக்காரருக்கும் இது பெரிய உதவி. இதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கேள்வி வேறு. 1977இல் இந்தப் பாதையின் ராஜா வண்டியில் சாதாரண ஆள் இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுத்து ஏற முடிந்தது. மூன்றாம் வகுப்பை ஒழித்து மூன்று வருடங்களே ஆகியிருந்த காலம் அது. இன்றைய வேகமான வண்டிகளில் அந்த வகுப்பே இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் போனது, திரும்பவில்லை.

சென்னையிலிருந்து காலையில் தெற்கே கிளம்பும் ஒருவரின் நிலையைப் பார்க்கலாம். விடியற்காலை நாகர்கோவில் வந்தே பாரத், அடுத்து தேஜஸ். இரண்டுக்கும் கையில் காசு வேண்டும். அவற்றை விட்டால் ஊருக்கு ஊர் நின்று போகும் குருவாயூர் எக்ஸ்பிரஸ். வைகை எழும்பூரை விட்டுக் கிளம்புவதோ மதியம்; மதுரையில் இறங்கும்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். அங்கிருந்து உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ போகிறவர் பஸ் பிடிக்க ஓட வேண்டும்.

இரவு வண்டிகளின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அறுபது நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கிறது; தீபாவளி, பொங்கல் என்றால் டீ ஆறுவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். தட்கலும் கைகொடுக்காதவர் ஜெனரல் பெட்டிக்கு வருகிறார். வண்டி பிளாட்பாரத்தில் ஊர்ந்து வரும்போதே ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறக்கும். துண்டு போட இடம் கிடைக்காதவர் கழிவறைக் கதவை ஒட்டி தினத்தாளை விரித்துக் குத்தவைத்துவிடுவார். விடியும்வரை அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் காலை மடக்கிக்கொண்டே வர வேண்டும். அதுவும் முடியாதவருக்கு ஆம்னி பஸ். பண்டிகை நாளில் அங்கே என்ன கேட்பார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து போகும் அந்த்யோதயா முழுக்க முன்பதிவில்லாத வண்டி, நல்ல முயற்சி. ஆனால், இத்தனை கூட்டத்துக்கு அது ஒன்று போதாது.

வந்தே பாரத் வடிவமைப்பில் மணிக்கு 180 கிலோமீட்டர் தாங்கும். சென்னை-மதுரைப் பாதையில் அந்த வேகத்தைத் தொட வழியே இல்லை. அது நேரத்தை மிச்சப்படுத்துவது குறைவான நிறுத்தங்களாலும், நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிப்பதாலும், வழியில் மற்ற வண்டிகள் ஒதுங்கி விடுவதாலும்தான். ஒற்றைப் பாதைக் காலத்தில் கிராசிங்குக்காக ஏதாவது ஒரு சிறு நிலையத்தில் எல்லா வண்டியும் காத்துக் கிடந்தது. இப்போது எதிர் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பின்னால் வரும் பெரிய வண்டிக்கு வழிவிடத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஆக, இந்தச் சலுகைகளில் பாதியைக் கொடுத்தால் ஏசி இல்லாத வண்டியும் ஆறரை மணி நேரத்தில் மதுரையைத் தொட முடியும்.

அதற்கான வண்டியும் கைவசம் இருக்கிறது. அம்ரித் பாரத்: இரண்டு முனையிலும் என்ஜின், ஏசி இல்லாத பெட்டிகள். 2023 டிசம்பரில் அறிமுகமான இதன் பெட்டிகளைச் செய்தது சென்னை பெரம்பூரில் இருக்கும் ஐ.சி.எஃப். முதல் இரண்டு வண்டிகளும் ஓடியது தர்பங்கா-டெல்லி, மால்டா-பெங்களூரு தடங்களில். பிகாருக்கும் வங்காளத்துக்கும் அது தேவைதான், மறுக்க முடியாது. என்றாலும், பெரம்பூரிலிருந்து எழும்பூர் அப்படியொன்றும் தூரமில்லையே!

பாதையில் இடமில்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அதில் உண்மை இருக்கிறது, சென்னைப் பக்கம் மட்டும். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே புறநகர் வண்டிகளும் தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன. அங்கே நான்காவது பாதை அவசியம். ஆனால், இதே நெரிசலுக்குள்தான் ஒன்றல்ல, இரண்டு வந்தே பாரத்துகளுக்கு இடம் கண்டுபிடித்தார்கள்.

தென்னக ரயில்வே பொது மேலாளர் எம்.பி.க்களைக் கூட்டிக் கோரிக்கை கேட்பது வழக்கம். ஒவ்வொருவரும் தன் ஊரில் எந்த வண்டி நிற்க வேண்டும் என்ற பட்டியலோடு போகிறார்கள். அடுத்த முறை விழுப்புரம் முதல் கன்னியாகுமரி வரையுள்ள எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து ஒன்றைக் கேட்கட்டும்: காலை ஏழு மணிவாக்கில் எழும்பூரிலிருந்து மதுரைக்குத் தினசரி ஒரு வண்டி, முழுக்க இரண்டாம் வகுப்பு இருக்கை, நாலு பெட்டி முன்பதிவில்லாமல், செங்கல்பட்டு, விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர், திருச்சி, திண்டுக்கல் மட்டும் நிறுத்தம், எந்த வண்டிக்காகவும் அதை ஓரங்கட்டக் கூடாது.