அவன் வேண்டுமென்று செய்வதில்லை

மகளிர் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு தாய் மட்டும் எழும்பாமல் இருந்தார்.

"மிஸ், என்ரை மகன் நாலாம் வகுப்பு. ஒண்டரை வருசமாக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறான். கழுத்தையும் வெட்டுறான். இப்ப தொண்டையாலை ஒரு சத்தமும் வருது. பகிடி விடுறான் எண்டு ரீச்சர் வெளியிலை நிப்பாட்டுறாவாம். இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுகிறான். பங்கருக்குள்ளை கிடந்து நான் பயந்த பயம்தான் பிள்ளைக்கு வந்திட்டுதோ?"

இல்லை, சகோதரிகளே. மனநல வைத்தியரிடம் காட்டியபோது அது 'ரூரெற்' என்ற நிலை எனத் தெரியவந்தது. 1885 இல் இதனை விபரித்த பிரெஞ்சு வைத்தியரின் பெயர் அது. அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளின் செயற்பாட்டில் உள்ள வேறுபாடே இது. பெரும்பாலும் பரம்பரையோடு தொடர்புடையது. தாயின் பயமோ வளர்ப்போ நாவூறோ காரணமல்ல. தொற்றாது, அறிவையும் குறைக்காது.

பொதுவாக 5 முதல் 7 வயதளவில் ஆரம்பித்து, 10 முதல் 12 வயதில் கூடி, பின்னர் பலருக்குக் குறைந்துவிடும். ஒன்று மறைய இன்னொன்று வரும். பயமும் களைப்பும் பதற்றமும் அதனைக் கூட்டும். சிலருக்கு மாத்திரமே கெட்ட வார்த்தைகள் தாமாக வரும்.

"வகுப்பில் கொஞ்ச நேரம் அடக்குகிறானே, அப்படியென்றால் நடிப்புத்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. தும்மலை நாமும் சற்று நேரம் அடக்கலாம், ஆனால் எவ்வளவு நேரம்? அடக்குவதிலேயே பிள்ளையின் கவனமெல்லாம் போய்விட்டால் பாடம் எப்படி ஏறும்? அடக்கியதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் கொட்டும்.

ஆகவே ஆசிரியர் செய்யக்கூடிய முதல் உதவி, அந்த அசைவையும் சத்தத்தையும் கவனியாதது போல் பாடத்தைத் தொடர்வதுதான். எல்லோர் கண்ணும் படும் முன்வாங்கில் இருத்தாமல், கதவோரமாக இருத்தலாம். அடக்க முடியாதபோது சைகை காட்டிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்து வர அனுமதிக்கலாம். கை வெட்டும் பிள்ளைக்குக் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைக் குறைத்து, பரீட்சையில் மேலதிக நேரம் கொடுக்கலாம். பிள்ளையும் பெற்றாரும் சம்மதித்தால், தொய்வுள்ள பிள்ளைக்கு இருமல் வருவது போலத்தான் இதுவும் என்று வகுப்புக்கு விளங்கப்படுத்தலாம்.

தண்டித்தால் பதற்றம் கூடும், அதனால் சத்தமும் கூடும். பாடசாலையில் அடிக்கக்கூடாதென்று கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றறிக்கை அனுப்பியுள்ளது.

தாய்மாரே, "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று சொல்லாதீர்கள். எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து, அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அசைவுகளைச் சமாளிக்கும் பயிற்சிகளும், தேவையானால் மருந்தும் உண்டு. கவனக் குறைவோ, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கமோ இருந்தால் அதனையும் சொல்லுங்கள். வைத்தியரின் கடிதத்துடன் ஆசிரியரைச் சந்தியுங்கள். சண்டைக்கல்ல, விளக்கம் சொல்ல.

அந்தத் தாயும் அப்படித்தான் போனார். ஆசிரியை கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "எனக்கு இது தெரியாமல் போச்சே" என்றாராம். மகன் இப்போது கதவோர வாங்கில் இருக்கிறான்.

சென்ற கிழமை கண்டபோது தாய் சொன்னார்: "சத்தம் இன்னும் வருது மிஸ். ஆனா இப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்லையாம்."