வேதாளர் ஒரே வீட்டுக்குச் சொந்தமா?

“ஒரு நாயகனுக்கு ஒரு பதிப்பகம் போதும். உரிமையைப் பங்கு போட்டால் விற்பனை சிதறும், தரம் கெடும், கடைசியில் இரண்டு பேருமே கடையைக் கட்ட வேண்டியதுதான்.” தமிழ் காமிக்ஸ் ரசிகர்கள் நாலு பேர் கூடினால், அது ஈரோடு புத்தகத் திருவிழாவானாலும் டீக்கடையானாலும், முகமூடி போட்ட காட்டு வீரரான வேதாளரைப் பற்றிய பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. இப்படிச் சொல்பவர்கள் ஆண்டு தவறாமல் சந்தா கட்டுகிறவர்கள், தமிழ் காமிக்ஸ் இன்றும் மூச்சுவிடக் காரணமானவர்கள். அவர்கள் அக்கறையை நான் சந்தேகிக்கவே இல்லை. வாதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. மஞ்சூரில் வளர்ந்த என்னைப் போன்றவர்களின் கைக்கு வேதாளர் வந்து சேர்ந்ததே, அவர் ஒரே வீட்டில் அடைபட்டுக் கிடக்காததால்தான்.

பங்கு போடுவது புதுப்பழக்கம் என்கிறார்கள். வேதாளர் பிறந்த இடத்தைப் பாருங்கள். லீ பாக் எழுதிய அந்தத் தொடர் 1936 பிப்ரவரி 17 அன்று அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கியது. அதை விநியோகித்த கிங் பீச்சர்ஸ் நிறுவனத்தின் தொழிலே ஒரே படக்கதையை ஊருக்கொரு பத்திரிகையாகப் பல பேருக்கு விற்பதுதான். பல கைகளுக்குப் போவதற்கென்றே பிறந்த நாயகன் அவர். ஆஸ்திரேலியாவில் 1948 முதல் ஃப்ரூ பதிப்பகம் அவர் கதைகளை வெளியிடுகிறது. சுவீடனில் 1950இல் அவருக்கென்றே ஓர் இதழ் தொடங்கியது. அந்த சுவீடன்காரர்கள் 1963 முதல் சொந்தமாகவே புதுக்கதைகளை உருவாக்கினார்கள். பிற்பாடு அவற்றை ஃப்ரூ ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. ஒரு வீட்டில் எழுதி வரைந்ததை இன்னொரு வீட்டு வாசகன் படித்தான். இதில் யார் கெட்டார்கள்?

நம் நாட்டுக் கதையும் இதுதான். டைம்ஸ் ஆப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழிலேயே வேதாளர். அதன் தமிழ்ப் பதிப்பும் வந்தது. வங்காளிகளுக்கு அவர் நாளிதழ் வழியாக ‘அரண்யதேவ்’ ஆனார். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் தன் பங்குக்கு அவரைத் தமிழில் கொடுத்தது. 1990இல் இந்திரஜால் நின்றது. அதே ஆண்டு வாக்கில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் அவரை ‘மாயாவி’ என்ற பெயரில் கொண்டுவந்தது.

அந்தப் பெயர்தான் அடுத்த குற்றச்சாட்டு. முத்துவில் மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி என்ற வேறொரு நாயகன். ராணியில் மாயாவி என்றால் முகமூடி போட்ட காட்டு வீரர். வாசகன் குழம்புவானாம். எந்த வாசகன்? மண்டையோட்டு மோதிரத்தையும், டெவில் என்ற ஓநாயையும், ஹீரோ என்ற வெள்ளைக் குதிரையையும் பார்த்த பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரே பக்கத்தில் எல்லாம் விளங்கிவிடும். இந்திரஜால் அவர் வாழும் நாட்டின் பெயரையே ‘டென்காலி’ என்று மாற்றியது. அதனால் யாரும் படிப்பதை நிறுத்திவிடவில்லை.

மஞ்சூரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வாதத்தின் வேர் அங்கேதான். ஊட்டியிலிருந்து முப்பது கிலோமீட்டர் சுற்றி வர வேண்டிய ஊர். கீழே கோவைப் பக்கம் இறங்கினால் கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகள். சிவகாசிப் புத்தகங்கள் வேண்டுமென்றால் நாங்கள் ஊட்டி பேருந்து நிலையக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கும் இருந்தால் உண்டு. ராணி காமிக்ஸ் அப்படியில்லை. காலை பஸ்ஸில் தினத்தந்திக் கட்டு வந்து இறங்கும் கடைக்கே அதுவும் வந்துவிடும். கடைக்காரர் சணலைக் குறுக்கே கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிட்டிருப்பார். ஜூலை மாத மழையிலும் மூடுபனியிலும் தாள் நமுத்துப்போய், அட்டையைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகையில் அம்மாவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து அதைப் படிப்பார்கள். ஒரு புத்தகம் லைன் வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, அட்டை கிழிந்துதான் சொந்தக்காரனிடம் திரும்பும்.

கதை நல்ல கதையாக இருந்தாலும், அது எந்தப் பாதையில் வருகிறது என்பதை வைத்துத்தான் யார் படிப்பார்கள் என்பது முடிவாகிறது. முத்துவுக்கு ஒரு பாதை, ராணிக்கு ஒரு பாதை. வேதாளர் முதல் பாதையில் மட்டும் வந்திருந்தால் மஞ்சூர் இருக்கும் எங்கள் குந்தா மலையில் அவரைத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்திருப்பார்கள்.

சரி, தரம்? பக்க அளவுக்கு அடக்கப் படங்களை வெட்டுவது, வசனத்தைச் சுருக்குவது எல்லாம் அந்தக் காலத் தமிழ் காமிக்ஸில் நடந்தவைதான். ஆனால் ஒப்பிட இன்னொரு பதிப்பு கையில் இருந்தால்தானே வெட்டியது தெரியும்? வேதாளர் கதைகளின் ஓவியர் சை பேரி வரைந்த காடு எத்தனை அடர்த்தி என்பது, அதே கதையை வேறு அளவில் பார்த்தவனுக்குத்தான் தெரியவந்தது. 1984 ஜூலையில் ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் ஒரே மாதத்தில் பிறந்தன. அந்தப் போட்டி ஆண்டுகளில்தான் தமிழ் காமிக்ஸ் தழைத்தது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இன்று தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் குறைவு. அச்சிடும் பிரதிகளும் குறைவு. இருக்கும் சிறு கூட்டத்தையும் இருவர் பிரித்துக்கொண்டால் அச்சுச் செலவுகூடத் தேறாது என்கிறார்கள். இருவரும் ஒரே கதையை, ஒரே அளவில், ஒரே விலையில் போட்டால் அது உண்மைதான். ஆனால் உரிமை ஒப்பந்தம் அப்படி ஒட்டுமொத்தமாக எழுதப்பட வேண்டியதில்லை. மொழி, நாடு, புத்தக வடிவம், பழைய கதையா புதிய கதையா, எத்தனை ஆண்டு என்று பிரித்து எழுதலாம். 2010இல் அமெரிக்காவில் டைனமைட் நிறுவனம் வேதாளரை வைத்துப் புதுக்கதைகள் தொடங்கியது. அதே காலத்தில் ஹெர்மீஸ் பிரஸ் 1936லிருந்து வந்த நாளிதழ்ப் பட்டைகளைத் தொகுத்துக் கெட்டி அட்டையில் போட்டது. ஒரே நாடு, ஒரே மொழி, இரண்டு பதிப்பகங்கள்.

விற்பனை சிதறியதால் எந்த இதழும் மூடியதாக நான் கருதவில்லை. தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்ததும் படக்கதைக்கு இருந்த மாலை நேரம் போய்விட்டது. அந்த அடி எல்லோருக்கும் பொதுவாக விழுந்தது. ராணி காமிக்ஸ் 2005இல் 500 இதழ்களோடு நின்றது. அதன்பின் போட்டியே இல்லை. ரசிகர்கள் கேட்கும் அந்த ‘ஒரே வீடு’ நிலைமை அப்போது தானாகவே அமைந்திருந்தது. அப்படியும் நெடுங்காலம் தமிழில் வேதாளருக்கென்று நிலையான இடம் கிடைக்கவில்லை. முத்து காமிக்ஸின் 50ஆம் ஆண்டான 2022இல் ‘ஸ்மாஷிங் 70’ஸ்’ வரிசையில் மாண்ட்ரேக், ரிப் கிர்பி, காரிகன் ஆகிய நாயகர்களோடு அவரும் திரும்பினார். அந்த முயற்சிக்கு நான் மனமார நன்றி சொல்வேன். அழகான தயாரிப்பு, சேகரிப்பவர்களுக்கு ஏற்ற புத்தகம்.

ஆனால் மஞ்சூர் பஜாரில் இன்று ஒரு பிள்ளை கையிலிருக்கும் சில்லறைக்கு வாங்கக்கூடிய வேதாளர் இல்லை. கெட்டி அட்டைப் புத்தகம் சிவகாசியிலிருந்தே வரட்டும். பின் அடித்த மெல்லிய மலிவுப் பதிப்பை, நாளிதழ்க் கட்டோடு மலைக்கு ஏற்றி அனுப்ப வசதியுள்ள ஒரு பதிப்பகம் உரிமை கேட்டால், அதற்கு முதல் ஆளாகக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் வேதாளரின் ரசிகர்களான நாம்தான்.