நண்பகல் வெயிலும் மலையக நீரும்

2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், இலங்கை மின்சார சபை ஒரு விசித்திரமான வேண்டுகோளை விடுத்தது. கூரைகளில் சூரியத் தகடுகள் வைத்திருப்போர் பிற்பகல் 3 மணி வரை அவற்றை நிறுத்திவைக்க வேண்டுமாம்! 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டில் தவித்த நாடு, மூன்றே ஆண்டுகளில் மின்சாரம் மிகுந்துவிட்டதென்று சூரியனைக் கடிந்துகொண்டது.

சூரியனா குற்றவாளி? மின்சாரம் பிறக்கும் கணத்திலேயே செலவாக வேண்டிய பண்டம். உற்பத்தியும் தேவையும் தராசுத் தட்டுகள்போல் சமமாக நில்லாவிடில் நாடே இருளும். நண்பகலில் மிகுவதைச் சேமித்து, விளக்கேற்றும் வேளையில் வழங்க ஏற்பாடு செய்யாதவர்களே குற்றவாளிகள்.

அந்தத் தராசின் முள் ஹட்டனைச் சுற்றிய மலைகளில் இருக்கிறது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் நீரைப் பகலில் தடுத்து அந்தியில் திறந்தால், சில நிமிடங்களில் மின்சாரம் பிறக்கும். நிலக்கரி நிலையம் இவ்வளவு விரைவாக ஏறி இறங்காது. அரநாயக்க, நாவலப்பிட்டிப் பக்கத்து மலைகளில் 600 மெகாவாட் மகாஓயாத் திட்டமும் தீட்டப்பட்டுள்ளது. பகலில் மிகும் மின்சாரத்தால் நீரை மேலேற்றி, இரவில் இறக்கி மின்சாரம் பெறுவதே அதன் வழி. நான்கு பங்கு செலவிட்டால் ஏறத்தாழ மூன்று பங்கு திரும்பும். சூரியனை அணைத்துவைப்பதிலும் இது மேலல்லவா? இத்தகைய திட்டங்கள் வேண்டும், விரைவாகவும் வேண்டும்.

ஆனால், யாருடைய தோள்மீது? 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்தது. 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நாடற்றவராக்கப்பட்டோர் வாழ்ந்த மலையிலிருந்துதான் நாடு வெளிச்சம் பெற்றது! மவுசாகலை நீரில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. 2012இல் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் இயங்கியது. அதற்காகத் தலவாக்கலைக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

இன்று கூரைதோறும் மின்சாரம் விளைவிக்கச் சொல்கிறார்கள். நகரத்து வீட்டுக்காரர் தமது மிகுதியை விற்கிறார். லயத்தில் வாழும் தொழிலாளிக்கு எந்தக் கூரை சொந்தம்? தகரமும் தோட்டத்துடையது, தரையும் தோட்டத்துடையது.

2050இல் கரியமில வாயுச் சமநிலையை எட்டுவோம் என்று உலகுக்கு வாக்களித்திருக்கிறது அரசு. அந்தக் கணக்கில் இன்னொரு சமநிலையும் சேர வேண்டும். புதிய அணைக்கு ஒப்பமிடுமுன் லயத்து மக்களுக்குக் காணியும் வீடும் உரிமையாக வேண்டும். மலைநீர் ஈட்டும் வருவாயில் அவர்தம் பள்ளிகளுக்குப் பங்கு வேண்டும். ஆசிரியர்களே, மாணவர்களே! இதனை இரக்கத்தின்பேரில் கேளாதீர்கள். இது அவர்களுக்குச் சேரவேண்டிய பழைய கடன்.