நெம்புகோலின் மறுமுனை

'லீவரேஜ்' என்ற சொல்லுக்கு அகராதியில் நெம்புகோல் என்று போட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பு மேஜையில் இந்தச் சொல்லோடு பல முறை மல்லுக்கட்டியிருக்கிறேன். 'கடன் பலம்' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. போன மாதம் புனேயிலிருந்து அக்கா மகன் தொலைபேசியில் ஒரே மூச்சில் விளக்கிவிட்டான்: "மாமா, 40,000 ரூபாய் போட்டா 2 கோடிக்கு வியாபாரம் பண்ணலாம். 500 மடங்கு தர்றாங்க."

அவன் சொன்னது அந்நியச் செலாவணி வியாபாரம். கைபேசியில் ஒரு செயலி இருந்தால் போதும். யூரோ, டாலர் போன்றவை சாதாரண நாளில் அரை சதவீதம், ஒரு சதவீதம்தான் அசையும். அதில் காசு பார்க்கப் பெரிய தொகை வேண்டும். நம்மிடம் இருப்பதோ சிறியது. அதை மார்ஜினாக, அதாவது ஈட்டுப் பணமாக வாங்கிக்கொண்டு, பல மடங்கு தொகைக்கு வியாபாரம் செய்யத் தரகர் அனுமதிக்கிறார். 50 மடங்கு என்றால் விலை 2 சதவீதம் ஏறும்போது போட்ட பணம் இரட்டிப்பாகும், 2 சதவீதம் இறங்கினால் காலி. 500 மடங்குக்கு 0.2 சதவீதமே போதும். மத்தியானம் கண் அசந்து எழுவதற்குள் முடிந்துவிடும். விலை கடைசியில் நீங்கள் நினைத்த பக்கமே போகலாம். ஆனால் போகிற வழியில் ஒரு தடவை எதிர்ப்பக்கம் சாய்ந்தால் தரகர் உங்கள் கணக்கை முடித்துவிடுவார். கணிப்பு சரி, பணம் மட்டும் இல்லை.

"போனா 40,000தானே மாமா? அதுக்கும் ஸ்டாப் லாஸ் போட்டு வச்சுக்கலாம்."

ஸ்விட்சர்லாந்து கதையை அவனுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

2011இல் ஐரோப்பியக் கடன் நெருக்கடிக்குப் பயந்த பணமெல்லாம் ஸ்விஸ் ஃபிராங்கில் போய் ஒதுங்கியது. ஃபிராங்கின் மதிப்பு ஏற ஏற அந்நாட்டு ஏற்றுமதியாளர்கள் அலறினார்கள். செப்டம்பர் 6 அன்று ஸ்விஸ் தேசிய வங்கி ஒரு கோடு கிழித்தது. 1 யூரோவின் விலை 1.20 ஃபிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம், அதற்காக எவ்வளவு யூரோ வேண்டுமானாலும் வாங்குவோம் என்றது. மூன்று வருடத்துக்கு மேல் சொன்னபடியே செய்தது. சில்லறை வியாபாரிகளுக்கு இது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. 1.20க்குச் சற்று மேலே யூரோவை வாங்கிப் போட்டால் கீழே மத்திய வங்கி தாங்குகிறது, மேலே போனால் லாபம். ஆபத்தே இல்லை என்றான பின் மடங்கைக் கூட்டுவதில் என்ன தயக்கம்?

2015 ஜனவரி 12 அன்றுகூட வங்கியின் துணைத் தலைவர் ழான்-பியேர் டான்தீன், இந்த வரம்புதான் எங்கள் கொள்கைக்கு ஆதாரம் என்று பேட்டி கொடுத்தார். மூன்றே நாள். 15ஆம் தேதி, நமக்குப் பொங்கல், இந்திய நேரம் பிற்பகல் 3 மணிக்கு வங்கி வரம்பைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 ஃபிராங்குக்கும் கீழே விழுந்து, பிறகு ஓரளவு எழுந்தது.

இங்கே என் தொழிலின் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டாப் லாஸை 'நஷ்டத் தடுப்பு' என்று எழுதி வந்திருக்கிறேன். அது எதையும் தடுப்பதில்லை. இந்த விலை வந்ததும் விற்றுவிடு என்று தரகருக்குத் தரும் உத்தரவு, அவ்வளவுதான். விற்க வேண்டுமானால் வாங்க ஆள் வேண்டும். அன்று 1.20க்குக் கீழே ஆளைக் காணோம். 1.19இல் விற்கச் சொன்னவர்களுடைய யூரோ, ஆள் அகப்பட்ட இடத்தில், வெகு கீழே விற்பனையாயிற்று.

2,000 யூரோ கட்டி, 50 மடங்கில் 1 லட்சம் யூரோவை 1.20இல் வாங்கிய ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். 1.00இல் விற்பனையானால் நஷ்டம் 20,000 ஃபிராங்க். அந்த விலையில் அது 20,000 யூரோ. கட்டியது போக அவர் தரகருக்குத் தர வேண்டியது 18,000 யூரோ. காலையில் அவரிடம் சேமிப்பு இருந்தது, மாலையில் கடன் இருந்தது.

தரகர்களும் தப்பவில்லை. அமெரிக்காவின் எஃப்எக்ஸ்சிஎம் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பாக்கி 22.5 கோடி டாலர். மறுநாளே 30 கோடி டாலர் கடன் வாங்கித்தான் அது மூச்சுவிட்டது. பிறகு பெரும்பாலான வாடிக்கையாளர்களின் பாக்கியைத் தள்ளுபடி செய்தது. வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த பிரிட்டனின் அல்பாரி திவாலானது. ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல்தான் விழித்துக்கொண்டது. முக்கிய நாணயங்களுக்கு 30 மடங்குக்கு மேல் கூடாது, போட்ட பணத்துக்கு மேல் சில்லறை வாடிக்கையாளரிடம் கேட்கக் கூடாது என்றது. இத்தகைய கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் முடிகின்றன என்றும் அப்போது சொன்னது.

நம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற சந்தைகளிலும் தளங்களிலும் மட்டுமே இந்த வியாபாரம் செய்யலாம். வெளிநாட்டுத் தரகருக்கு மார்ஜின் பணம் அனுப்புவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி குற்றம். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிட்டது. பிறகு அது நீண்டுகொண்டே போயிற்று.

அவனுடைய செயலி அதில் இருக்கிறதா பார் என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. இருந்ததாம். பணத்தையும் ஏற்கெனவே போட்டுவிட்டானாம். திரும்பக் கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வருகிறதாம்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா" என்றான்.