பனை வைத்தவர்களைப் பார்க்கப் போங்கள்

2022 அக்டோபரில் கேரள முதல்வர் பினராயி விஜயனும் கல்வி அமைச்சர் சிவன்குட்டியும் பின்லாந்துக்குப் போய் அந்நாட்டின் பள்ளிக்கல்வி முறையைப் பார்த்துவந்தார்கள். அடுத்த சில மாதங்களில், தில்லி அரசுப் பள்ளி ஆசிரியர்களை அதே நாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பும் கோப்பை முன்வைத்து அங்குள்ள அரசும் துணைநிலை ஆளுநரும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். பஞ்சாப் அரசு 2023 பிப்ரவரியில் தலைமை ஆசிரியர்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. 2024 அக்டோபரில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 72 பேரைப் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. இப்பயணங்களைப் பற்றிய பேச்செல்லாம் ‘செலவு தகுமா, தகாதா’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று: அயல்நாட்டுப் பள்ளிக்குள் நுழையும் கல்வியாளர் அங்கே எதைப் பார்க்க வேண்டும்? இன்று நடக்கும் வகுப்பை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர், ஒரு நெடுங்கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவராகிறார். அந்த வகுப்பு எந்த வரிசையில், எத்தனை ஆண்டுகளில், யாருடைய எதிர்ப்பைக் கடந்து உருவானது என்று கேட்டு வருபவரே பயணத்தின் பயனைத் தம் ஊருக்குக் கொண்டுவருகிறார்.

பின்லாந்துப் பள்ளி ஒன்றில் வெளியூர்க்காரர் கண்ணில் முதலில் படுவது என்ன? பல தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் காலணிகளை வெளியே கழற்றிவைத்துவிட்டுக் காலுறையோடு வகுப்புக்குள் போகிறார்கள். முக்கால் மணி நேரப் பாடம் முடிந்ததும் கால் மணி நேர இடைவேளை. கம்பளி மேலங்கியை மாட்டிக்கொண்டு பனியிலும் வெளியே ஓடுகிறார்கள். பதினொரு மணியை ஒட்டிச் சாப்பாட்டு வரிசை தொடங்குகிறது. எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரித் தட்டு முன்னால் வைக்கப்பட்டிருக்கும்: பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு உருளைக்கிழங்கோ சோறோ, மிச்சம் கால் தட்டு மீன், இறைச்சி அல்லது பருப்பு வகை. பக்கத்தில் ரொட்டியும் பாலும். ஏழு வயதுப் பிள்ளை தானே பரிமாறிக்கொள்கிறது. ஆசிரியர் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பள்ளி விட்டதும் சின்னப் பிள்ளைகள் துணையின்றி நடந்தோ டிராமில் ஏறியோ வீடு போகிறார்கள். ஹெல்சிங்கியில் நாடாளுமன்றத்துக்கு எதிரே 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘ஊதி’ நூலகத்தில் புத்தக அடுக்குகளோடு தையல் இயந்திரமும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பார்ப்பவர் மனம் மயங்குவது இயல்பு. கைப்பேசி நிறையப் படங்களோடு அவர் ஊர் திரும்புகிறார்.

அந்தச் சாப்பாட்டுத் தட்டையே கொஞ்சம் நின்று பார்ப்போம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு தர வேண்டும் என்று பின்லாந்து சட்டம் இயற்றியது 1943-இல், நாடு போருக்குள் இருந்தபோது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தார்கள். 1948-இல் எங்கும் அமலானது. தொடக்கத்தில் கிடைத்தது கஞ்சியும் சூப்பும்தான். பள்ளித் தோட்டத்தில் வேலை செய்வதும் சமையலறைக்குக் காட்டுப் பழங்கள் பறித்துத் தருவதும் பிள்ளைகளின் பொறுப்பாக இருந்தன. இன்று பார்வையாளர் படமெடுக்கும் தட்டுக்குப் பின்னால் எண்பது ஆண்டுப் பிடிவாதம் இருக்கிறது. இந்தச் செய்தி தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு மற்றவர்களைவிட எளிதாகப் புரிய வேண்டும். 1920-இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, 1956-இல் காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று நாமும் ஒரு நூற்றாண்டாகப் படி ஏறிவந்திருக்கிறோம். நம்முடைய சத்துணவுக் கூடத்தை ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு ‘தமிழ்நாட்டின் ரகசியம் சாம்பார் சாதம்’ என்று ஒரு வெளிநாட்டவர் எழுதினால் நாம் ஏற்போமா? பின்லாந்தைப் பற்றி எழுதப்படும் பல பயணக் குறிப்புகள் அந்தத் தவறைத்தான் செய்கின்றன.

தவறு எங்கே நேர்கிறது என்பதை ஆண்டுகளே சொல்கின்றன. ‘பிசா’ என்னும் பன்னாட்டுத் தேர்வின் முதல் முடிவுகள் 2001 டிசம்பரில் வெளிவந்தபோது, வாசிப்பில் பின்லாந்து முதலிடம் பெற்றது. அதன்பிறகுதான் உலகெங்கிலுமிருந்து கல்விக் குழுக்கள் அங்கே படையெடுத்தன. போனவர்கள் கண்டது ஆய்வாளர் வராத பள்ளி, அரசு ஒப்புதல் தேவைப்படாத பாடநூல், தன் விருப்பப்படி பாடத்தை அமைத்துக்கொள்ளும் ஆசிரியர். ‘சுதந்திரம் கொடுத்தால் தரம் உயரும்’ என்று முடிவுகட்டினார்கள். ஆனால் பள்ளி ஆய்வுமுறை அங்கே கைவிடப்பட்டது 1990-களின் தொடக்கத்தில்; பாடநூல்களுக்கு அரசு ஒப்புதல் தரும் வழக்கம் நின்றது 1992-இல். 2000-இல் தேர்வெழுதிய பிள்ளைகள் 1984-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்களுக்குக் கற்பித்தவர்களில் பெரும்பாலோர் பாடத்திட்டமும் பாடநூலும் தலைநகரிலிருந்து வகுக்கப்பட்ட காலத்தில் ஆசிரியரானவர்கள். கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பைச் சேர்ந்த டிம் ஓட்ஸ் 2015-இல் இந்தக் காலப் பிசகைத்தான் விரிவாகச் சுட்டிக்காட்டினார். மரத்தில் பழுத்திருந்தது முந்தைய பருவத்து உழைப்பு. வந்தவர்களோ இன்றைக்கு ஊற்றும் தண்ணீரை அளந்துகொண்டு போனார்கள்.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். கல்விச் சீர்திருத்தம் பனை. பின்லாந்து நாடாளுமன்றம் ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளி முறைக்கு ஒப்புதல் தந்தது 1968-இல். அதுவரை பதினோரு வயதை ஒட்டியே பிள்ளைகள் இரண்டு வழியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு வழி பல்கலைக்கழகத்தை நோக்கியது, மற்றது உடலுழைப்பை நோக்கியது. புதிய முறை 1972-இல் வடகோடி லாப்லாந்தில் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாகத் தெற்கே இறங்கி, 1977-இல் ஹெல்சிங்கிப் பகுதியை அடைந்தது. பின்தங்கிய பகுதி முதலில், தலைநகரம் கடைசியில். இடையில் ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழகங்களுக்கு மாற்றப்பட்டது. 1979 முதல் தொடக்கப் பள்ளி ஆசிரியராவதற்கும் முதுகலைப் பட்டம் கட்டாயமாயிற்று. கணக்கிலும் மொழியிலும் ‘கெட்டிக்காரர், மந்தமானவர்’ என்று பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் 1985-இல் ஒழிந்தது. இவையெல்லாம் நடந்தேறிய பிறகே மேலிருந்து வந்த பிடி தளர்ந்தது. முதலில் ஆசிரியரை உருவாக்கினார்கள். பிறகு அவரை நம்பினார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஆசிரியரைத் தயார்செய்யாமலே தேர்வையும் ஆய்வையும் மட்டும் நீக்கும் அரசு, பின்லாந்தைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

எல்லோரும் போய்ப் பார்க்கும் இந்தப் பின்லாந்தே ஒரு கல்வியாளரின் வெளிநாட்டுப் பயணத்தில் பிறந்தது. ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த அந்நாடு, மக்கள் பள்ளிகளுக்குத் திட்டம் வகுக்க ஊனோ சிக்னேயுஸ் என்ற பாதிரியாரை 1858-இல் ஐரோப்பியப் பயணத்துக்கு அனுப்பியது. ஸ்வீடன், டென்மார்க், ஜெர்மானிய நாடுகள், சுவிட்சர்லாந்து என்று சுற்றி அடுத்த ஆண்டுதான் திரும்பினார். கண்டதையெல்லாம் அள்ளிவரவில்லை. கல்வியாளர் பெஸ்டலோசியின் வழிவந்த சுவிட்சர்லாந்துப் பயிற்சிப் பள்ளிகள் அவரை ஈர்த்தன. கையால் செய்து கற்கும் முறையை அவர் தம் நாட்டுக்கு ஏற்ப வளர்த்துக் கைத்தொழிலைக் கட்டாயப் பாடமாக்கினார். திரும்பியதும் அவர் திறந்தது பள்ளிக்கூடங்களையா? 1863-இல் யுவாஸ்குலாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மக்கள் பள்ளிகளுக்கான ஆணை 1866-இல்தான் வந்தது. ஆசிரியர் முதலில், பள்ளி பிறகு. இன்றும் பின்லாந்து மாணவர் ஆணானாலும் பெண்ணானாலும் மரவேலையும் தையலும் கற்பதைக் காணும் பார்வையாளர், 160 ஆண்டுக்கு முந்தைய ஒரு பயணக் குறிப்பின் விளைச்சலையே காண்கிறார். 1960-களிலும் இதுவே நடந்தது. அண்டை நாடான ஸ்வீடன் 1962-இல் பொதுப்பள்ளி முறைக்கு மாறியபோது, அங்கே நிகழ்ந்த நல்லது கெட்டதைப் பல ஆண்டுகள் அருகிருந்து கவனித்துவிட்டே பின்லாந்து அடியெடுத்து வைத்தது.

‘இவ்வளவும் புத்தகத்திலும் இணையத்திலும் கிடைக்கிறதே, போய்ப் பார்ப்பானேன்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டத்தின் ஆண்டு ஆவணத்தில் கிடைக்கும். வகுப்பறையின் தொனி கிடைக்காது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியச் செயலர் ஹொரேஸ் மான் 1843-இல் ஐரோப்பா சென்று பிரஷ்யா, சாக்சனிப் பள்ளிகளை நேரில் பார்த்தார். அவருடைய ஏழாவது ஆண்டறிக்கையில் அழுத்தமாகப் பதிவானவை மூன்று: வாசிப்பு, எழுத்துக்கூட்டல் நேரம் தவிரக் கையில் புத்தகத்தோடு பாடம் கேட்கும் ஆசிரியரை அவர் பார்க்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து பாடம் கேட்பவரைப் பார்க்கவில்லை, அடிவாங்கியோ அடிக்குப் பயந்தோ அழும் குழந்தை ஒன்றையும் பார்க்கவில்லை. இம்மூன்றையும் எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லாது. அங்கே நின்ற கண்தான் சொல்லும். அறிக்கை வெளியானதும் பாஸ்டன் நகரத் தலைமை ஆசிரியர்கள் 31 பேர் 1844-இல் நூல் வடிவில் மறுப்பு எழுதினார்கள். பிரம்பு வேண்டுமா, எழுத்துக்கூட்டிப் படிப்பதா சொல்லாகப் படிப்பதா என்று வாதம் வீதிக்கு வந்தது. அந்த விவாதமே பயணத்தின் பெரும்பயன். பயணி தான் கண்டதைப் பொதுவில் வைத்தார். ஊர் அதை அலசியது.

‘55 லட்சம் பேர் வாழும் பணக்கார நாட்டோடு நமக்கென்ன ஒப்பீடு?’ என்பது அடுத்த மறுப்பு. அளவு வேறுபாடு உண்மை. ஆனால் பின்லாந்து பணக்கார நாடாக இருந்து பள்ளி கட்டவில்லை. மக்கள் பள்ளி ஆணை வந்த 1866-இலேயே பெரும்பஞ்சம் தொடங்கியது. 1868-க்குள் மக்கள்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பேர் மாண்டார்கள். இலவச உணவுச் சட்டம் போர்க்காலத்துச் சட்டம். இன்றைய செல்வத்தைப் பார்த்து ‘அவர்களால் முடியும்’ என்பவர், வரிசையைப் பார்த்திருந்தால் ‘அவர்கள் முடியாத காலத்திலேயே தொடங்கினார்கள்’ என்று சொல்லியிருப்பார். பள்ளிக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதே முக்கியம் என்று 1900-ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் வலியுறுத்தினார் ஆங்கிலேயக் கல்வியாளர் மைக்கேல் சாட்லர். அயல்நாட்டுக் கல்வியைப் பூப்பறிப்பதுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிள்ளிவந்து நட்டால் துளிர்க்காது என்று எச்சரித்தார். அவரே பிற்பாடு 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழக ஆணையத்தின் தலைவராக நம் நாட்டுக்கு வந்தார். வெளியே இருப்பது என்றால் என்ன? பின்லாந்தில் 1928 முதல் நூலகச் சட்டம் இருக்கிறது. கட்டணம் வாங்கும் பள்ளி அடிப்படைக் கல்வியில் ஏறத்தாழ இல்லை. அதிகாரியின் பிள்ளையும் தொழிலாளியின் பிள்ளையும் வீட்டுக்கு அருகிலுள்ள அதே பள்ளிக்கே போகிறார்கள். வகுப்பறைச் சுவரில் ஒட்டிய வண்ணப் படத்தை ஒரு வாரத்தில் நகலெடுக்கலாம். பள்ளிக்கு வெளியே உள்ள இந்த ஏற்பாட்டை நகலெடுக்க அரசியல் துணிவு வேண்டும்.

மூன்றாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: பின்லாந்தே சரிந்துவிட்டதே. 2006-இல் கணக்கில் 548 ஆக இருந்த அதன் பிசா சராசரி 2022-இல் 484 ஆனது; வாசிப்பில் 2000-இல் 546, 2022-இல் 490. காரணம் கைப்பேசியா, நிதி வெட்டா, வாசிப்புப் பழக்கம் தேய்ந்ததா, தானாகக் கற்கும் முறைக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்ததா என்று அந்நாட்டவரே இன்னும் வாதாடுகிறார்கள். பாட நேரத்தில் கைப்பேசியைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2025 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இதனால் பயணத்தின் தேவை குறைந்துவிடவில்லை, கூடியிருக்கிறது. வெற்றிபெற்றவரிடம் கேட்டறிவதைவிட, வழுக்கியவர் தம் தவறைத் தேடும்போது அருகிருப்பது அதிகம் கற்றுத்தரும். ஸ்வீடனின் தடுமாற்றத்தைப் பார்த்துத்தானே பின்லாந்து தன் அடியைத் திருத்திக்கொண்டது. ‘ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வரும் நாட்டில் பனை நட முடியுமா’ என்போருக்கும் அங்கே விடை உண்டு. லாப்லாந்திலிருந்து ஹெல்சிங்கிக்கு மாற்றம் வந்துசேர எடுத்ததும் ஐந்து ஆண்டுகள்தான். அந்த ஐந்தாண்டை எவரும் வெற்றி விழாவாக்கவில்லை. வேரூன்றும் பருவமாகப் பார்த்தார்கள்.

ஆகவே பயணங்கள் நடக்கட்டும். ஆனால் முறை மாறட்டும். அமைச்சரும் அதிகாரியும் போவதைவிட, வகுப்பாசிரியர்களும் ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்களும் அதிகம் போக வேண்டும். ஒரு வாரத்தில் ஆறு பள்ளி என்பதற்குப் பதில், ஒரே பள்ளியில் ஒரு பருவம் இருக்க வேண்டும். விருந்தினருக்காகப் பெருக்கிவைத்த தலைநகரப் பள்ளியைவிட, பல்கலைக்கழகத்தோடு இணைந்த பயிற்சிப் பள்ளியும் வடக்கேயுள்ள சிற்றூர்ப் பள்ளியும் அதிகம் பேசும். 1970-களில் மாற்றத்தை எதிர்த்த ஆசிரியர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பேச வேண்டும். எந்த அச்சம் உண்மையாயிற்று, எது பொய்யாயிற்று என்பதை அவர்களைவிட யாரும் நன்றாகச் சொல்லமாட்டார்கள். திரும்பியதும் ஒவ்வொருவரும் பெயரிட்டு எழுதிய அறிக்கை பொதுமக்கள் படிக்கும்படி தாய்மொழியில் வெளிவர வேண்டும். உள்ளூர் ஆசிரியர்கள் அதை மறுத்தும் எழுத வேண்டும். யுவாஸ்குலாவில் பயிற்சி பெற்ற முதல் ஆசிரியர்கள் தம் கிராமங்களுக்குப் போனபோது, உலகம் தங்கள் நாட்டுப் பள்ளியை வந்து பார்க்கும் நாளை அவர்கள் காணப்போவதில்லை. அது தெரிந்தேதான் வேலையைத் தொடங்கினார்கள். நம் ஆசிரியர் ஒருவர் பின்லாந்திலிருந்து கொண்டுவர வேண்டியது அந்த ஒன்றைத்தான். அதற்குப் பெட்டியில் இடம் தேவையில்லை.