ரோடு வருது, சரி... காசு யாரோடது?

நம்ம ஊரில் ஒரு ரோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டே கட்சிதான். "மத்திய அரசு கொடுத்தது" என்பது ஒரு கட்சி. "நாங்க போய் வாங்கிட்டு வந்தோம்" என்பது இன்னொரு கட்சி. கொடுத்தவருக்கு அந்தக் காசு எங்கிருந்து வந்தது, எத்தனை வருஷத்தில் கட்டி முடியும் என்று கேட்கும் மூன்றாவது கட்சியில் இப்போதைக்கு நான் மட்டும்தான் இருக்கிறேன் போல. உறுப்பினர் சேர்க்கை நடக்கிறது, வாங்க :-)

2025 அக்டோபர் 13-ம் தேதி நிதின் கட்கரி பாண்டிக்கு வந்தது ஞாபகம் இருக்கும். இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரை மேம்பாலத்துக்கு அடிக்கல், 436 கோடி. புதுச்சேரி - பூண்டியாங்குப்பம் 38 கிலோமீட்டர் நான்கு வழிச்சாலை திறப்பு, 1,588 கோடி. அதற்கு இரண்டு மாசம் முன்னால், ஆகஸ்ட் 8-ம் தேதி, மரக்காணம் - புதுச்சேரி 46 கிலோமீட்டரை நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது, 2,157 கோடி. இந்த எண்ணெல்லாம் பேனரில் வந்தது, பேப்பரில் வந்தது, வாட்ஸ்அப்பில் பத்து தடவை வந்தது.

2,157 கோடி என்றால் எவ்வளவு? புதுச்சேரி அரசின் 2025-26 பட்ஜெட்டே 13,600 கோடிதான். கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் எல்லாம் போனால் நம்ம அரசு கையில் புதிதாக எதையாவது கட்ட மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் இந்த மாதிரி ரோட்டை நாமே போட்டுக்கொள்ள முடியாது. அது புரிகிறது. ஆனால் "2,157 கோடி ஒதுக்கீடு" என்று எழுதுகிறார்களே, அந்த வார்த்தையில்தான் எனக்குத் தகராறு. அவ்வளவு பணத்தை யாரும் எடுத்து ஒரு பக்கமாக வைக்கவில்லை.

பாண்டியிலிருந்து சென்னைக்குப் போக இரண்டு வழி. திண்டிவனம் வழி ஒன்று, இ.சி.ஆர். ஒன்று. இந்த இரண்டு ரோட்டை வைத்தே இந்தியாவில் சாலைக்குப் பணம் புரட்டும் கதை முழுவதையும் சொல்லிவிடலாம்.

இ.சி.ஆர். 1990களில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் தமிழ்நாடு அரசு சீரமைத்த சாலை. அரசே கடன் வாங்கியது, அரசே போட்டது. அப்புறம் 1998-ல் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் வந்தது. டிட்கோவும் ஐ.எல்.&எஃப்.எஸ்ஸும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம். 2002-ல் அந்த ரோட்டில் டோல் வசூல் ஆரம்பம். இரண்டே வழி உள்ள ரோட்டுக்கு எதுக்குய்யா டோல் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. (2018-ல் ஐ.எல்.&எஃப்.எஸ். கடனைக் கட்ட முடியாமல் விழுந்ததும், ரோட்டுக்குக் கடன் கொடுத்த வங்கிகள் எல்லாம் பயந்து போனதும் தனிக்கதை. எங்கள் ஆடிட்டிங் வகுப்பில் அதற்கே ஒரு வாரம் போனது.)

திண்டிவனம் வழி வேறு மாதிரி. மொரட்டாண்டி டோல்கேட் தெரியாத பாண்டிக்காரர் இருக்க முடியாது. கட்டு, நடத்து, ஒப்படை என்கிற பி.ஓ.டி. முறையில் வந்த ரோடு அது. ஒரு கம்பெனி வங்கியில் கடன் வாங்கி ரோடு போடும். பல வருஷம் டோல் வசூலித்துக் கடனையும் லாபத்தையும் எடுத்துக்கொள்ளும். கடைசியில் அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல், வண்டி வரும் என்று போட்ட கணக்கில். நாடு முழுக்க அப்படித்தான் ஆனது. 2010 வாக்கில் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு டெண்டரில் இறங்கின, எதிர்பார்த்த வண்டி வரவில்லை, நிலம் கைக்கு வரவில்லை, கடன் வாராக்கடன் ஆனது. அதற்கப்புறம் பி.ஓ.டி. டெண்டருக்கு ஆளே வராத காலமும் வந்தது.

அதற்கு மாற்றாக 2016 ஜனவரியில் வந்ததுதான் ஹைபிரிட் ஆன்யூட்டி முறை. சுருக்கமாக ஹாம். (சாப்பிடும் அயிட்டம் இல்லை.) மரக்காணம் - புதுச்சேரி ரோடு இந்த முறையில்தான் வருகிறது. பூண்டியாங்குப்பம் ரோடு வந்ததும் இதே முறையில்தான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ரோட்டுக்குச் செலவு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டும்போதே நெடுஞ்சாலை ஆணையம் 40 சதவீதம், அதாவது 400 ரூபாய் கொடுத்துவிடும். மீதி 600-ஐக் கம்பெனி போடும், அதில் பெரும்பங்கு வங்கிக் கடன். ரோடு முடிந்ததும் அந்த 600-ஐ ஆணையம் 15 வருஷத்தில், ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக, வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். மொத்தம் 30 தவணை. பராமரிப்புக்குத் தனிக் காசு. டோல் வசூல் ஆணையத்துக்கே. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் கம்பெனிக்குத் தவணை உண்டு.

எளிமைக்காகத் தவணைக்கு அசல் 20 ரூபாய், வட்டி வருஷத்துக்கு 8 சதவீதம் என்று வைப்போம் (உண்மையில் தவணைகள் சமமாக இருக்காது, வட்டியும் மாறிக்கொண்டே இருக்கும்). முதல் தவணையில் வட்டி 24 ரூபாய். மீதி குறையக் குறைய வட்டியும் குறையும். முப்பதையும் கூட்டினால் வட்டி மட்டும் 372. ஆக 400 + 600 + 372 = 1,372. பராமரிப்பு இதில் சேரவில்லை.

உடனே "ஐயோ 372 ரூபாய் கொள்ளை" என்று யாரும் கிளம்ப வேண்டாம். பணத்தின் கால மதிப்பு என்று முதல் வருஷத்திலேயே படித்தோமே. பதினைந்து வருஷம் கழித்துக் கொடுக்கும் ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல. அதே 8 சதவீதத்தில் கழித்துப் பார்த்தால் 972-ன் இன்றைய மதிப்பு 600-தான். வீட்டுக்கடன் மாதிரி. வீட்டுக்கடன் வாங்குவது தப்பில்லை. ஆனால் வீட்டுக்கடன் வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் "ரொக்கமாகக் கொடுத்து வாங்கினேன்" என்று சொல்வாரா? பேனரில் சொல்வது அதுதான்.

என் கருத்து, பழைய பி.ஓ.டி.யை விட ஹாம் மேல். வண்டி எத்தனை வரும் என்பது ஒரு கம்பெனியின் கையில் இல்லாத விஷயம். அந்த ஆபத்தை அதன் தலையில் கட்டி, அது விழுந்ததும் வங்கியை விழ வைத்து, கடைசியில் அரசே வந்து வங்கியைத் தூக்கி விடுவதை விட, ஆபத்தை முதலிலேயே அரசு ஏற்பது நேர்மை. ஆனால் ஏற்றுக்கொண்ட பொறுப்பை எங்கே எழுதி வைக்கிறார்கள்? ஒரு கம்பெனி இப்படி 15 வருஷத் தவணைக்கு ஒத்துக்கொண்டால் இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் காட்டாமல் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். அரசுக் கணக்கில் அந்த வருஷம் கொடுத்த தவணை அந்த வருஷச் செலவு, அவ்வளவுதான். வரப்போகும் தவணைகள் பற்றாக்குறைக் கணக்கில் தலை காட்டாது. பாண்டியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு நம்ம ரோட்டின் தவணைப் பட்டியல் கண்ணிலேயே படாது.

மறைந்திருக்கும் பொறுப்பு என்ன செய்யும் என்பதற்கு ஆணையமே உதாரணம். பாண்டு வெளியிட்டும் வங்கியிலும் வாங்கி வாங்கி 2022 மார்ச்சில் அதன் கடன் சுமார் மூன்றரை லட்சம் கோடிக்கு வந்து நின்றது. அதற்கப்புறம் 2022-23 பட்ஜெட்டிலிருந்து, நீ வெளியில் கடன் வாங்க வேண்டாம், நானே தருகிறேன் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது.

அந்த "நானே" யார்? பெட்ரோல், டீசலில் சாலை செஸ் என்று ஒன்று இருக்கிறது. 2000-ம் ஆண்டுச் சட்டப்படி தொடங்கிய மத்திய சாலை நிதிக்கு (2018-லிருந்து பெயரில் உள்கட்டமைப்பும் சேர்ந்தது) அதிலிருந்துதான் பணம். டூவீலருக்கு டோல் இல்லை என்று நாம் சந்தோஷப்படுகிறோம். முத்தியால்பேட்டையிலிருந்து காலேஜுக்கு ஸ்கூட்டியில் போய் வரும் பெண், வாழ்க்கையில் ஒரு தடவை கூட மரக்காணம் தாண்டாவிட்டாலும், லிட்டருக்கு லிட்டர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். கட்டுபவளுக்கு ரசீது இல்லை, அதனால் கேள்வி கேட்கும் உரிமை இருப்பதும் தெரிவதில்லை.

பணம் அங்கிருந்து வருவதால் திட்டமும் அங்கேயே தீர்மானமாகிறது. ஒரு ரோட்டை அகலமாக்கலாமா என்று பார்க்க வண்டிகளை எண்ணுவார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் கார் கணக்கில் ஒரு எண். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி கார் 1, பைக் அரை, பஸ் 3. அது அடைக்கும் இடத்தின் கணக்கு, தப்பில்லை. ஆனால் அறுபது பேர் தொங்கிக்கொண்டு போகும் காலாப்பட்டு பஸ்ஸும், ஆளுக்கொன்றாக மூன்று பேர் ஓட்டிப் போகும் மூன்று காரும் இந்தக் கணக்கில் ஒன்று! இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எத்தனை தடவை கேட்டாலும் பதில் "ரோட்டை அகலமாக்கு" என்றுதான் வரும். "இன்னும் பத்து பஸ் விடு" என்று வராது. நம்ம ஊருக்குள் தனியார் பஸ்ஸும் டெம்போவும் ஷேர் ஆட்டோவும்தான் ஜனங்களைச் சுமக்கின்றன. பி.ஆர்.டி.சி.க்குப் புது பஸ் வாங்க 15 வருஷத் தவணையில் யார் முன்வருகிறார்கள்?

இதில் பாண்டிக்கு மட்டும் ஒரு கூடுதல் வேதனை. நாம் மாநிலமும் இல்லை, டெல்லி நேரடியாக நடத்தும் யூனியன் பிரதேசமும் இல்லை. மத்திய வரிப் பங்கைப் பிரித்துக் கொடுக்கும் நிதிக் கமிஷன் மாநிலங்களுக்குத்தான். நமக்குச் சட்டசபை உண்டு, அந்தப் பங்கு கிடையாது. உள்துறை அமைச்சகம் வழியாக வரும் மானியம்தான். ஆனால் 2007 டிசம்பரில் தனிக் கணக்கு தொடங்கிய பிறகு வெளிச்சந்தையில் கடன் மட்டும் மாநிலம் மாதிரியே வாங்குகிறோம். கடனுக்கு மாநிலம், பங்குக்கு யூனியன் பிரதேசம்!

ரோடும் அப்படித்தான் போகிறது. முத்தியால்பேட்டை நம்முடையது. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் மறுபடி நாம். அப்புறம் மரக்காணம் வரை தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஒட்டுத்துணி எல்லை. திட்டத்தைத் தீட்டும் ஆணையம் இரண்டு அரசுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தை எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்குவது மட்டும் இந்தப் பக்கத்து, அந்தப் பக்கத்து வருவாய்த்துறை. ஹாம் விதிப்படி 80 சதவீத நிலம் கையில் வந்தால்தான் வேலைக்கு நாள் குறிக்க வேண்டும். இ.சி.ஆர். ஓரத்து நிலம் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். தாமதம் வந்தால் இங்கேதான் வரும்.

ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரியில் மரக்காணம் வளைவுகளில் எதிரே வரும் லாரியின் லைட்டைப் பார்த்தவர் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆனால் ஒரு கவலை பாக்கி இருக்கிறது. இ.சி.ஆர். நான்கு வழியானால் திண்டிவனம் வழியில் போகும் சென்னை வண்டிகளில் ஒரு பகுதி இந்தப் பக்கம் வரும். ஒரே ஊருக்குப் போகும் இரண்டு டோல் ரோடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று வண்டியைப் பிடுங்கினால், இந்தப் பக்கத்துக் கூடுதல் வசூல் உண்மையில் வரவா, அந்தப் பக்கத்து நஷ்டமா? அதைத் திட்ட அறிக்கையில் பார்த்திருக்கிறார்களா?

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். 2,157 கோடியில் நிலத்துக்கு எவ்வளவு, கட்டுமானத்துக்கு எவ்வளவு. முப்பது தவணையின் பட்டியல், வருஷ வாரியாக. டோல் வருமானம் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு, அதில் மொரட்டாண்டியிலிருந்து திரும்பி வரும் வண்டிகள் எத்தனை. கட்டணம் பத்து ரூபாய், பதில் சொல்ல முப்பது நாள். வேறு கேள்வி தோன்றினால் இந்த வாரக் கடைசிக்குள் சொல்லுங்கள், சேர்த்து அனுப்பிவிடலாம்.