முல்லைத்தீவை எழுதத் தெரியாத மென்பொருள்

கொப்பன்கேகனின் தென்மேற்கே, எஸ்-தொடருந்தில் அரைமணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய சிறு நகரம் இஷொய். டென்மார்க்கின் நகரசபைகளுள் வெளிநாட்டுப் பின்னணி கொண்ட மக்கள் மிகக் கூடிய விகிதத்தில் வாழும் இடங்களுள் அதுவும் ஒன்று. 2016 ஆம் ஆண்டு அந்நகரத்துச் சிறுவர்களுக்கு இரண்டு புதையல் வேட்டைகள் வாய்த்தன. தோமஸ் டம்போ எனும் டெனிஸ் கலைஞர், வீசப்பட்ட பலகைகளைக் கொண்டு ஆறு பூதங்களைச் செய்து கொப்பன்கேகனின் மேற்குப் புறநகர்களில் ஒளித்துவைத்தார். அவற்றுள் ஒஸ்கார் எனும் பூதத்துக்கு இஷொயில் ஒரு பாலத்தின் கீழ் இடம் கிடைத்தது. அதே ஆண்டு யூலையில் உலகெங்கும் பரவத் தொடங்கிய பொகிமொன் கோ மற்றைய வேட்டை. கைபேசியின் படக்கருவி காட்டும் தெருவின்மீது, அங்கே இல்லாத உருவமொன்றைக் கணினி வரைந்து ஏற்றிக் காட்டுகிறது. இவ்வித்தைக்கு மிகைமெய் என்று பெயர்.

இந்த இரண்டாவது வேட்டையின் வேரும் அச்சிறுவர்களின் அயலிலேயே இருந்தது. பொகிமொன் கோவை இயக்கும் பொறியான யூனிற்றி, 2004 இல் கொப்பன்கேகனில் மூன்று இளைஞர்கள் தொடங்கிய நிறுவனத்தின் பிள்ளை. அவர்கள் ஆக்கிய கூபோல் எனும் விளையாட்டு விலைபோகவில்லை. அதை ஆக்குவதற்காகச் செய்துகொண்ட கருவியையே 2005 இல் விற்பனைக்கு விட்டனர், அது விலைபோனது. 2018 இல், அப்பிளின் ஏஆர்கிற், கூகிளின் ஏஆர்கோர் ஆகிய இரண்டிலும் ஒரே நிரல் இயங்குவதற்கான ஏஆர் பவுண்டேசனையும் யூனிற்றி வெளியிட்டது. இன்று கைபேசிக்கு மிகைமெய் விளையாட்டோ பாடமோ கண்காட்சியோ ஆக்க எண்ணும் எவரும் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இந்தக் கருவியில்தான்.

அந்தக் கருவிக்குத் தமிழ் எழுத வராது.

இது மிகைப்படுத்திக் கூறப்படும் குற்றச்சாட்டு அன்று. யூனிற்றியில் முப்பரிமாண வெளியில் எழுத்தை நிறுத்துவதற்கு ஆண்டாண்டாகப் பயன்பட்டுவரும் கூறு ரெக்ஸ்ற் மெஷ் புறோ. ஆங்கிலத்தையும் டெனிசையும் அது அழகாக வரையும். தமிழையோ, கணினியின் நினைவகத்தில் எந்த வரிசையில் குறிகள் கிடக்கின்றனவோ அதே வரிசையில் இறக்கிவைத்துவிடும். ஒருங்குறியில் ‘தே’ என்பது முதலில் தகரமும் பின்னர் இரட்டைக் கொம்புமாகவே சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னே நகர்த்துவது எழுத்தை வரையும் நிரலின் கடமை. அக்கடமையைச் செய்யாத நிரலில் கொம்பு தகரத்தின் பின்னே விழுந்து அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மு, வு, ரு போன்ற உகர எழுத்துகள் தம் வடிவம் பெறாமல் மெய்யும் குறியும் வேறுவேறாக நிற்கும்.

தாயகத்தின் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக இதில் இட்டுப் பார்ப்போருக்கு விளைவு புரியும். யாழ்ப்பாணம் தப்பும், மன்னாரும் வன்னியும் தப்பும். அவற்றில் கொம்புமில்லை, உகரமுமில்லை. கிளிநொச்சி நடுவில் உடையும். திருகோணமலை மூன்று இடங்களில் உடையும். முல்லைத்தீவு முதலெழுத்திலும் மூன்றாம் எழுத்திலும் கடைசி எழுத்திலும் சிதைந்து, தமிழறிந்தவரும் எழுத்துக்கூட்டி ஊகிக்க வேண்டிய ஒன்றாகிவிடும். உருவமைப்பாளர்கள் இதற்குச் செய்யும் ஒட்டுவேலைகளும் தெரிந்தவையே: சொல்லைப் படமாக வெட்டி ஒட்டுவார்கள், அல்லது ஒருங்குறியைக் கைவிட்டுப் பழைய பாமினி வகை எழுத்துருக்குத் திரும்புவார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பெரும்பாடுபட்டு விட்டுவந்த இடத்துக்கே மீண்டும் போவதற்கு ஒப்பானது இது.

இது தீர்க்கவியலாத நுட்பச் சிக்கலா என்றால், அதுவும் இல்லை. ஹார்ஃப்பஸ் எனும் கட்டற்ற நிரல் தமிழ் உள்ளிட்ட சிக்கலான எழுத்துமுறைகளைப் பல்லாண்டுகளாகச் சரியாக வரைந்துவருகிறது. ஆண்ட்ரொயிட் கைபேசிகளும் குரோம், பயர்பொக்ஸ் உலாவிகளும் அதையே பயன்படுத்துகின்றன. அதனை உருவாக்கியவர் ஈரானில் பிறந்த பெதாத் எஸ்பகபொத். அப்பெயரே பாரசீகச் சொற்களிலிருந்து அமைந்தது. தன் எழுத்து திரையில் உடைவதைக் கண்ட ஒரு சமூகத்திலிருந்து வந்தவரின் உழைப்பில்தான் இன்று தமிழும் கைபேசியில் நேராக நிற்கிறது. யூனிற்றி அதனை உள்வாங்கத் தொடங்கியது 2024 இல் வெளிவந்த யூனிற்றி 6 பதிப்பை ஒட்டித்தான். அதுவும் இடைமுகப் பலகைகளுக்கான புதிய உரைக்கூறு ஒன்றினூடாகவே. பழைய ரெக்ஸ்ற் மெஷ் புறோவில் ஆக்கப்பட்டவை பழையபடியே கிடக்கின்றன. இருபது ஆண்டுக் காலம் பல கோடித் தமிழ் பேசுவோர் அந்நிறுவனத்தின் கணக்கில் வரவில்லை என்பதே இதன் பொருள்.

எனினும், கொப்பன்கேகன் பொறியாளர்களை மட்டும் குற்றக்கூண்டில் நிறுத்துவது எளிதான வேலை. கேட்காதவருக்கு எந்த நிறுவனமும் கொடுப்பதில்லை. கேட்டிருக்க வேண்டியோர் எங்கிருந்தனர்?

ஒரு காலத்தில் கேட்பதற்கும் காத்திராமல் தாமே செய்தனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கினார். 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டம் அவர் முன்னெடுப்பிலேயே தொடங்கியது. யேர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் ஆக்கிய எழுத்துரு மாற்றியைப் பயன்படுத்தாத புலம்பெயர் இணையத்தளம் அக்காலத்தில் அரிது. 2005 இல் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தத் தொடங்கியது. இவர்களுள் எவரும் பெருநிறுவனத்தின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. தட்டைத் திரையில் தமிழ் இன்று நிற்பதற்கு அந்த வீம்பே காரணம். திரை தட்டையாக இருப்பதை விட்டு அறைக்குள்ளும் தெருவுக்குள்ளும் இறங்கியபோது, அதே வீம்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் கிடைக்காத நேரத்தில் விளையாட்டுப் பொருளுக்கு என்ன அவசரம் என்று மூத்தோர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் 2002 இல் டெனிஸ் அரசு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியை இலவசமாகக் கற்பிக்கும் கடப்பாட்டை நகரசபைகளிடமிருந்து நீக்கிவிட்டது. அன்று முதல் அப்பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் வார இறுதியின் சில மணி நேரங்களுக்குள் சுருங்கியது. எஞ்சிய ஆறு நாள்களும் பிள்ளையின் கையில் இருப்பது கைபேசி. அதில் தமிழ் எழுத்து உடைந்தே தோன்றுமாயின், பிழை மென்பொருளில் இருப்பதாக அப்பிள்ளை எண்ணாது. தமிழ்தான் பிழையான மொழி, பழுதுபட்ட மொழி என்றே எண்ணும். ‘ஒலியைத் தமிழில் வைத்து எழுத்தை டெனிசில் விட்டால் போதாதா’ என்று கேட்போரும் உளர். பேச்சைக் கேட்டு விளங்கிக்கொண்டு வாசிக்கத் தெரியாது வளர்ந்த ஒரு தலைமுறை ஏற்கெனவே இருக்கிறது. அதை மென்பொருளின் துணையோடு வேறு வளர்க்க வேண்டுமா?

இன்னொரு திசையிலிருந்து வரும் ஆபத்து இதனிலும் பெரிது. மிகைமெய்யின் வலுவை உணர்ந்த இளையோர் சிலர் நினைவுச் சின்னங்களை இவ்வழியில் மீட்கலாம் என்று பேசத் தொடங்கியுள்ளனர். 2021 யனவரி 8 இரவு யாழ். பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது, இடிக்க முடியாத தூபியை ஒளியால் எழுப்பலாம் என்ற எண்ணம் எவருக்கும் இயல்பாகவே தோன்றும். 1981 இல் எரிக்கப்பட்ட யாழ். நூலகத்தை அதன் 97,000 நூல்களோடு ஒரு பிள்ளையின் மேசைமீது எழுப்பிக் காட்டலாம். குடும்பங்களைச் சேரவிடாது தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களை முடக்கிய நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சனையும், அதனால் 1993 இல் பதவி துறந்த பிரதமர் சுலூற்றரையும் கொப்பன்கேகனின் நாடாளுமன்ற வாசலிலேயே வைத்துக் கதை சொல்லலாம். டெனிஸ் பிள்ளைகளும் அறியவேண்டிய வரலாறு அது.

ஆனால் ஒளியாலான தூபி எவருடைய நிலத்தில் நிற்கிறது? முகநூலின் உரிமையாளரான மெற்றா, தன் ஸ்பார்க் தளத்தை 2025 யனவரி 14 அன்று மூடியது. வெளியார் ஆக்கி முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் ஏற்றியிருந்த மிகைமெய் ஆக்கங்கள் அத்தனையும் அன்றோடு நீங்கின. முன்னறிவித்தல் நான்கரை மாதம். புல்டோசரும் தேவைப்படவில்லை. யூனிற்றியும் 2023 செப்ரெம்பரில், ஆக்கங்கள் நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் அறவிடப்போவதாக அறிவித்து, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் ஓராண்டின் பின் அதனைக் கைவிட்டது. எதிர்ப்பு எழுந்திராவிடின்? நிலமிழப்பின் வலியை உலகுக்கு எடுத்துச்சொல்லும் சமூகம், தன் நினைவுகளை வாடகை நிலத்தில் குடியேற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஆண்டு விழா மேடையில் ஒருமுறை காட்டிக் கைதட்டல் பெறுவதற்காக ஆக்கப்படும், மூலநிரல் எவரிடமும் இல்லாத காட்சிகளும் இவ்வகையினவே. அடுத்த ஆண்டு கைபேசியின் இயங்குதளம் மாறும்போது அவை திறக்க மாட்டா.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கொடோ எனும் கட்டற்ற விளையாட்டுப் பொறியின் நான்காம் பதிப்பு 2023 மார்ச்சில் வெளிவந்தபோதே ஹார்ஃப்பஸ்ஸை உள்ளடக்கியிருந்தது. அதில் முல்லைத்தீவு முல்லைத்தீவாகவே தோன்றும். அதற்கு உரிமக் கட்டணமில்லை, மூலநிரல் எவருக்கும் திறந்தது. கைபேசி மிகைமெய்யில் யூனிற்றியின் முதிர்ச்சியை அது இன்னும் எட்டவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எட்டச் செய்வதற்குப் பங்களிக்கலாம் என்பதே அதன் சிறப்பு. டென்மார்க்கிலும் நோர்வேயிலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் மென்பொருள் துறையில் பணியாற்றும் ஈழத்தமிழ் இளையோருக்குப் பஞ்சமில்லை. அவர்களுள் நால்வருக்கு ஓராண்டு ஊதியம் கொடுத்து இவ்வேலையில் அமர்த்துவது அமைப்புகளால் கூட்டாகச் செய்யக்கூடிய காரியமே. விளக்கு அலங்காரத்துக்கும் விருந்தினரின் விமானச் சீட்டுக்கும் கிடைக்கும் பணம் இதற்கு மட்டும் கிடைக்காதா?

யூனிற்றியிடம் கேட்பதையும் கைவிட வேண்டியதில்லை. பழைய உரைக்கூற்றுக்கும் தமிழ் வேண்டும் என்று தமிழ் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, உடைந்த சொற்களின் படங்களோடு எழுத்தில் கேட்கலாம். தலைமையகம் சான்பிரான்சிஸ்கோவுக்குப் பெயர்ந்துவிட்ட போதிலும் கொப்பன்கேகன் அலுவலகம் இன்னும் உண்டு. இஷொயிலிருந்து தொடருந்து அடிக்கடி புறப்படுகிறது.